உள் இழுப்பு

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் ராத்திரி வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். சூளையைப் பிரித்து, சரக்கை இறக்கி, கொட்டகையில் அடுக்கிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்போம். ஆள் இல்லாத கொட்டகைக்குள்ளிருந்து ‘டிங்’ என்று ஒன்று கேட்கும். சற்றுப் பொறுத்து வேறொரு மூலையிலிருந்து இன்னொன்று. சலங்கை மணியை யாரோ நகத்தால் சுண்டிவிட்டுப் போவதுபோல் இருக்கும்.

1977-ல் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதைக் கேட்டு, எலி கோப்பைகளை உருட்டுகிறது என்று நினைத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். சூளை மேஸ்திரி சிரித்தார்.

“எலி இல்ல தம்பி. கிளேஸு இழுத்துக்கிட்டு நிக்குது. விடிய விடியப் பாடும். காலையில பாருங்க, பாதிக் கோப்பையில முடி விழுந்திருக்கும்.”

காலையில் ஒரு கோப்பையை எடுத்து அதன்மேல் நீல மையைத் தடவித் துடைத்தார். குறையே தெரியாமல் இருந்த வெள்ளைப் பீங்கானில் சிலந்தி வலை மாதிரி நீலக் கோடுகள் எழுந்தன.

“யார் மேஸ்திரி இழுக்கிறது? அது பாட்டுக்குச் சும்மாதானே உட்கார்ந்திருக்கு?”

“சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும்” என்றார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. டிப்ளமா முடித்துவிட்டு வந்திருந்த எனக்கும் தெரியவில்லை. பாடத்தில் ‘ஸ்ட்ரெஸ்’ என்று படித்திருந்தேன். விசையைப் பரப்பளவால் வகுத்தால் ஸ்ட்ரெஸ். பரீட்சையில் முழு மதிப்பெண். ஆனால் இந்தக் கோப்பையில் விசையை யார் கொடுத்தார்கள், எந்தப் பரப்பளவால் வகுப்பது என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

பள்ளிக்கூடத் தமிழில் இதற்குத் தகைவு என்று பெயர். தகைத்தல் என்றால் தடுத்தல், மறித்தல். நல்ல சொல்தான். அதன் ஜோடி திரிபு, அதாவது உருவம் மாறுவது. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு அது பழகிய சொல். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் எழுத்து திரிகிறது. எங்கள் தொழிலில் மண்ணும், அதன்மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சான கிளேஸும் சேரும் இடத்தில் பொருள் திரிகிறது. ஆனால் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த முப்பத்தைந்து வருஷத்தில் யாரும் தகைவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘இழுப்பு’ என்றுதான் சொல்வார்கள். ‘உள்ளே இழுப்பு இருக்கு’ என்பார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இந்தத் தொழில் ஏன் வந்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கிற வெள்ளைக் களிமண். ஊரில் ரயில்வே ஜங்ஷன். ஊறுகாய் ஜாடி, டீ கோப்பை, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர், கம்பத்தில் மாட்டும் இன்சுலேட்டர் என்று பலதும் இங்கிருந்து போயின. பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இங்கேயே இருந்தது.

இழுப்பை முதன்முதலில் நான் கண்ணால் பார்த்தது 1984-ல். அப்போது ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. வளையச் சோதனை என்று ஒன்று உண்டு. நாம் வார்க்கும் அதே மண்ணில் வளையல் மாதிரி ஒரு வளையம் செய்து, வெளிப்பக்கம் மட்டும் கிளேஸ் பூசிச் சுட வேண்டும். ஆறிய பிறகு மேலே இரண்டு புள்ளி குறித்து, இடைவெளியை வெர்னியரில் அளக்க வேண்டும். பிறகு அந்த இரண்டு புள்ளிக்கு நடுவே வைரச் சக்கரத்தால் வளையத்தை அறுக்க வேண்டும்.

அறுத்தவுடன் வளையம் அசைந்தது. ஒரு கல் துண்டு, யாரும் தொடாமல் தானாக அசைந்தது. 10.00 மில்லிமீட்டர் இருந்த இடைவெளி 9.78 ஆகியிருந்தது. புள்ளிகள் நெருங்கினால் கிளேஸ் நெருக்கப்பட்டு இருந்திருக்கிறது என்று அர்த்தம். அறுத்ததும் அது வெளிப்பக்கமாக நீண்டு, வளையத்தை உள்நோக்கிச் சுருட்டிவிட்டது. புள்ளிகள் விலகினால் கிளேஸ் இழுபட்டு இருந்திருக்கிறது; இன்றோ நாளையோ முடி விழும். கண்ணாடிச் சாதி எல்லாம் அப்படித்தான். நெருக்கினால் நிறையத் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். அதனால் கிளேஸை எப்போதும் கொஞ்சம் நெருக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். ரொம்ப நெருக்கினாலும் விளிம்பில் செதில் செதிலாக உரிந்து போகும்.

எவ்வளவு நெருக்கம் என்று அன்று சாயங்காலம் கணக்குப் போட்டேன். சூளையில் கிளேஸ் குழம்பாக இருக்கும்போது எந்தச் சண்டையும் இல்லை. ஆறும்போது ஒரு கட்டத்தில் இறுகி மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 500 டிகிரி இரண்டும் சேர்ந்தே இறங்க வேண்டும். டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இரண்டின் சுருக்கத்துக்கும் இடையே இருந்தால்கூட, கடைசியில் ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் ஒத்துப்போகாமல் நிற்கும். டீ கோப்பையின் சுற்றளவுக்கு அது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் கிளேஸின் விறைப்பை வைத்துப் பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 350 கிலோவுக்குக் குறையாத விசை வருகிறது. நாம் உதட்டில் வைத்து டீ குடிக்கிற கோப்பையின் தோலில் மூன்றரைக் குவிண்டால். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

1822-ல் கோஷி என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் செய்ததும் இதே வேலைதான். அவர் வளையத்தை அறுக்கவில்லை, மனதுக்குள் அறுத்தார். பொருளுக்குள் ஒரு தளத்தை நினைத்துக்கொள். அந்தத் தளத்தின் ஒரு பக்கம் மறுபக்கத்தை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது அல்லது இழுக்கிறது என்று கேள். அதைப் பரப்பளவால் வகு. கத்தி வைத்தால்தான் கேள்விக்கே உருவம் வருகிறது. மேஸ்திரிக்கும் எனக்கும் பதில் தெரியாமல் போனதற்குக் காரணம், நாங்கள் முழுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான்.

முடி விழுவதற்கு மருந்து என்ன? இங்கேதான் எனக்கு முதல் குழப்பம் வந்தது. பழைய ஆட்கள் எல்லோரும் சொன்ன மருந்து குவார்ட்ஸ் மாவு. மண் கலவையில் கூடுதலாகப் போட்டால் முடி விழுவது நிற்கும். சரி. கிளேஸில் கூடுதலாகப் போட்டாலும் நிற்கும்! இரண்டு பேர் சண்டையில் ஒரே பொருளை யாருக்குக் கொடுத்தாலும் சமாதானம் என்றால் அது எப்படி? மண்ணுக்குள் குவார்ட்ஸ் பெரும்பாலும் படிகமாகவே நிற்கிறது. படிகம் ஆறும்போது நிறையச் சுருங்கும், மண்ணையும் சேர்த்துச் சுருக்கும், கிளேஸ் நெருங்கும். கிளேஸில் அதே குவார்ட்ஸ் உருகிக் கண்ணாடியாகிறது. அந்தக் கண்ணாடி சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம், கிளேஸின் சுருக்கத்தையும் குறைக்கும். அதே சிலிக்கான், அதே ஆக்சிஜன். அடுக்கி வைத்த விதம்தான் வேறு. இந்த இடத்தில்தான் ‘அணு எப்படி நிற்கிறது’ என்ற கேள்வி ஒரு சூளைக்காரன் தலைக்குள் நுழைந்து உட்கார்ந்தது.

அந்தக் குவார்ட்ஸே எனக்கு ஒரு பாடமும் நடத்தியது. எண்பதுகளின் நடுவில், ஒரு இன்சுலேட்டர் யூனிட்டில். பெயர் வேண்டாம். ஆர்டர் தேதி நெருங்கிவிட்டது. முதலாளி சூளை வாசலை ஒரு நாள் முன்னாலேயே பிரிக்கச் சொன்னார். “உள்ளே இன்னும் சிவப்பு போகல சார்” என்றேன். “கறுத்தாச்சு, நான் பார்த்தேன், பிரிங்க” என்றார். கறுத்திருந்தது உண்மைதான். வெளியே தெரியும் சரக்கு 600-க்குக் கீழே வந்திருந்தால் கண்ணுக்குச் சிவப்பு தெரியாமல் போகும். ஆபத்தே அங்கேதான் ஆரம்பம். குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியில் உருவம் மாறி, சட்டென்று சுருங்குகிறது. தடித்த இன்சுலேட்டரின் தோல் 573-ஐத் தாண்டிக் கீழே வந்துவிட்டது, நெஞ்சு இன்னும் மேலேயே நிற்கிறது என்றால், ஒரே பொருளின் இரண்டு பகுதிகள் இரண்டு அளவு கேட்கின்றன. வாசலைப் பிரித்ததும் குளிர்காற்று புகுந்தது. முதலில் ஒரு ‘டொக்’. பிறகு வரிசையாக, தீபாவளிச் சரம் வெடித்த மாதிரி.

சரக்கில் பாதிக்கு மேல் போய்விட்டது. மண் சரியில்லை என்று என்மேல் பழி வந்தது. நான் ஒரு உடைசலை எடுத்து வெடிப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கும்படி முதலாளியிடம் சொன்னேன். கிளேஸ் ஓரம் பிளேடு மாதிரி கூர்மையாக இருந்தது. சூடேறும்போது வெடித்திருந்தால் பிறகு கிளேஸ் உருகி ஓரத்தை வழவழப்பாக்கியிருக்கும். கூர்மை என்றால் ஆறும்போது வெடித்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. சம்பளத்தில் பிடித்தம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

அந்த 573-ன் பின்னால் ஒரு நம் ஊர்க் கதை இருக்கிறது என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1940-ல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி.வி. ராமனும் நெடுங்காடியும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தைச் சூடாக்கிக்கொண்டே, அதன்மேல் பட்டுச் சிதறும் ஒளியைப் பார்த்தார்கள். சிதறிய ஒளியில் தெரியும் ஒவ்வொரு கோடும் அணுக்களின் ஒவ்வொரு அதிர்வுக்கு அடையாளம். 573-ஐ நெருங்க நெருங்க ஒரு கோடு மட்டும் கரைந்து அகன்று இடம் மாறியது. தந்தி தளர்ந்தால் சுருதி இறங்குமே, அப்படி. அந்த ஒரு அதிர்வுக்குத் திரும்பி வருவதற்கான பிடி போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் படிகம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து வேறு உருவம் எடுத்துவிடுகிறது. மிருதங்கத்தின் நாதத்தை ஆராய்ந்தவருக்குக் கல்லின் சுருதி கேட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் மேஸ்திரியும் ஜாடியைச் சுண்டிப் பார்த்துத்தான் தேர்வு செய்வார். கணீரென்றால் வண்டிக்கு, டொக்கென்றால் குப்பைக்கு.

1989-ல் எஸ்டேட்டிலேயே சொந்தமாக ஒரு சின்ன யூனிட் ஆரம்பித்தேன். கோப்பை, ஜாடி, பிறகு நூற்பாலைகளுக்கு அலுமினா திரெட் கைடு. ஆரம்பித்த மூன்றாம் வருஷம் ஒரு மதுரை வியாபாரி ஒரு லோடு ஜாடியைத் திருப்பி அனுப்பினார். இங்கிருந்து போகும்போது மை தடவிப் பார்த்து அனுப்பியவை. ஒன்றிலும் முடி இல்லை. எட்டு மாசம் கடையில் இருந்துவிட்டு முடி விழுந்து வந்திருக்கின்றன. வெயிலில் வைத்தார்களோ, எங்கேயாவது இடித்தார்களோ என்று நானும் சண்டைக்குப் போனேன்.

தப்பு என்னுடையதுதான். எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சூட்டைக் கொஞ்சம் குறைத்திருந்தேன். மண் முழுதாக இறுகவில்லை, துளை இருந்தது. அந்த மாதிரி மண் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்து வீங்கும். வீங்குவது கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஆனால் கிளேஸின் நெருக்கத்தை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, ஒரு நாள் இழுப்பாகவே மாற்றிவிடும். ஷூரெக்ட் என்பவர் 1928-லேயே அமெரிக்காவில் நீராவி அழுத்தத்தில் வைத்துச் சோதித்துக் காட்டிய விஷயம் இது. அதற்கான கருவி வாங்க எனக்கு வசதியில்லை. வீட்டு பிரஷர் குக்கரில் மாதிரிச் சில்லுகளை வைத்து, விசிலுக்கு மேல் விசில் விட்டு, ஆறவைத்து மை தடவிப் பார்த்தேன். குக்கருக்குள் இருக்கும் 120 டிகிரி நீராவி, மாதக்கணக்கான ஈரத்தை ஒரு பகலில் உள்ளே ஏற்றிவிடும். மனைவி அந்தக் குக்கரில் மறுபடி சோறு வைக்கவில்லை. புதுசு வாங்கித் தர வேண்டியதாயிற்று.

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்பார்கள். அந்தப் பேச்சே எங்கள் ஊர்தான். சுந்தரர் பழமலைநாதரிடம் பொன் வாங்கி மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது கதை. அவரும் விவரமானவர்தான், போடும் முன் மாற்றுப் பார்க்க ஒரு துணுக்கு வெட்டிக் கையில் வைத்துக்கொண்டாராம். அந்த லோடு திரும்பி வந்ததிலிருந்து நானும் ஒவ்வொரு சூளைக்கும் ஒரு துணுக்கு எடுத்து வைக்கத் தொடங்கினேன். விருத்தாசலத்துச் சூளையில் போட்ட இழுப்பு மதுரைக் கடையில் எழுகிறது. நடுவில் எட்டு மாசம் அது எங்கே இருந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்டு வைத்திருந்ததால்தான் பின்னால் நடந்தது எனக்குப் புரிந்தது. எங்கள் யூனிட்டில் கோப்பை வனையும் ஜிக்கர் ஓட்டியவரின் மகள் இயற்பியல் படித்து, சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். 2012-ல் நான் யூனிட்டை மூடிவிட்டேன். அதற்கு நாலு வருஷம் கழித்து, பொங்கலுக்கு வந்தவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். திரையில் ஒரு குவார்ட்ஸ் படிகக் கூடு. கீழே ஆறு எண்கள்.

“இது என்ன பாப்பா?”

“ஸ்ட்ரெஸ் மாமா. கிலோபார் கணக்குல. படிகத்துக்குள்ள இருக்கிற இழுப்பு.”

ஒரு கிலோபார் என்றால் ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டல அழுத்தம். நான் வளையத்தை அறுத்த கதையைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்: “நீ எங்கே அறுத்தே?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அங்கேதான் மாமா சிக்கல். அறுக்க முடியாது.”

பிறகு அவள் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். மண்ணில் ஒரு தளத்தை நினைத்துக்கொண்டால் இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று பிரித்துவிடலாம். எலெக்ட்ரானை அப்படிப் பிரிக்க முடியாது. அது ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும் கோலிக்குண்டு அல்ல. கத்தியின் இரண்டு பக்கமும் பரவி நிற்கிற ஒன்று. அதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது? ஆகவே கத்தியை விட்டுவிட்டு வேறு வழியில் போனார்கள். முழுப் படிகத்தையும், அணு, எலெக்ட்ரான் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு திசையில் துளி நீட்டுவதாக நினைத்துக்கொள். மொத்த ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடு. அந்த மாற்றத்தை, நீட்டிய விகிதத்தாலும் படிகத்தின் கன அளவாலும் வகு. வருவதுதான் இழுப்பு. மூன்று திசையில் நீட்டலாம், மூன்று விதமாகச் சாய்க்கலாம். அதனால் ஆறு எண்கள்.

“அப்போ அறுக்காம, லேசா அசைச்சுப் பார்த்து, அதுக்கு எவ்வளவு கஷ்டம்னு கேட்கறே.”

“கரெக்ட் மாமா.”

இதன் வேர் பழையது. இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1927-லேயே அலையாகப் பரவும் பொருளுக்குத் தகைவு எழுத ஆரம்பித்துவிட்டார். பௌலியும் அதைத் தொட்டார். 1939-ல் ஃபைன்மன் என்ற 21 வயது மாணவர் தன் இளநிலைப் பட்ட ஆய்வேட்டை இதைப் பற்றித்தான் எழுதினார். மூலக்கூறுகளில் விசையும் தகைவும் என்பது தலைப்பு. ஆனால் நிஜமான ஒரு படிகத்துக்கு இதைக் கணினியில் போட்டு எண்ணாக எடுக்கும் முறையைச் செப்பனிட்டுக் கொடுத்தவர்கள் நீல்சனும் மார்ட்டினும். 1983-ல் முதல் கட்டுரை, 1985-ல் விரிவாக. நான் வளையம் அறுத்துக்கொண்டிருந்த அதே நாட்கள்.

அவள் எழுதிக்காட்டியதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னக் கணக்கு. அணுக்கருக்கள் தத்தம் இடத்தில் அசையாமல் நிலைத்திருக்கும்போது, எலெக்ட்ரான்களின் இயக்க ஆற்றலை இரண்டால் பெருக்கு. மின்னிழுப்பால் வரும் நிலை ஆற்றலை அதோடு கூட்டு. கன அளவின் மூன்று மடங்கால் வகு. அழுத்தம் கிடைத்துவிடும். இயக்க ஆற்றல் எப்போதும் வெளியே தள்ளும். நிலை ஆற்றலுக்குக் குறி எதிர்மறை. அது உள்ளே இழுக்கும். இரண்டும் பிரம்மாண்டம். சும்மா கிடக்கிற கல்லில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துச் சுழியாகி நிற்கின்றன. ‘சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும்’ என்று மேஸ்திரி சொன்னது அன்றைக்கு ஞாபகம் வந்தது. அவர் அப்போது உயிரோடு இல்லை.

“சூடே இல்லாட்டிக்கூட அந்தத் தள்ளல் இருக்குமா?” என்று கேட்டேன். சூளைக்காரனுக்கு அழுத்தம் என்றால் சூட்டோடு சேர்ந்த விஷயம்.

“சூடே வேண்டாம் மாமா. ரெண்டு எலெக்ட்ரான் ஒரே நிலையில நிக்காது. இடத்தைக் குறைச்சா வேகம் எடுத்துத்தான் ஆகணும். சந்திரசேகர் கப்பல்ல போட்ட கணக்கு அதுதானே.”

1930-ல், மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய 19 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிந்து முடிந்த நட்சத்திரத்தை இந்தத் தள்ளல் எவ்வளவு தூரம் தாங்கும் என்று கணக்கிட்டார். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை வரைக்கும்தான். அதற்கு மேல் போனால் தாங்காது. நட்சத்திரத்துக்குள்ளும் சுவர் கிடையாது, கத்தி வைக்க முடியாது. கன அளவைக் குறைத்தால் ஆற்றல் எவ்வளவு ஏறுகிறது என்ற அதே கேள்விதான். அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983-ல்.

எண் வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடவும் கூடாதாம். எலெக்ட்ரான் பரவியிருப்பதை விவரிக்கக் கணினியில் அலைகளை அடுக்குகிறார்கள். அலைகள் போதவில்லை என்றால் இல்லாத அழுத்தம் ஒன்று எண்ணில் வந்து நிற்கும். புலாய் என்பவர் பெயரால் அதற்குப் புலாய் தகைவு என்று பெயர். அதை நிஜமென்று நம்பிப் படிகத்தைத் தளரவிட்டால் தப்பான அளவில் போய் நிற்கும். எனக்கு இது உடனே புரிந்தது. தெர்மோகப்பிள் முனை வெந்துபோன ஒரு சூளையில், மீட்டரை நம்பி இரண்டு முறை சரக்கைக் குழைய விட்டவன் நான்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். மறுபடி அவளைப் பிடித்துக்கொண்டேன். “முழுப் படிகத்துக்கும் ஆறு எண் சொல்லிட்டே. சரி. இந்த அணுவுக்கும் அந்த அணுவுக்கும் நடுவுல, இந்த இடத்துல எவ்வளவு?”

“அதுக்கு ஒரே பதில் கிடையாது மாமா.”

எனக்குக் கோபமே வந்தது. முப்பத்தைந்து வருஷம் தேடியது அந்தப் பதிலைத்தான். அவள் பொறுமையாக ஒரு கணக்குச் சொன்னாள். எஸ்டேட்டில் அப்பா கைமாற்று வாங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவள், அதிலிருந்தே எடுத்தாள். மூன்று பேர். மாசக் கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று நமக்குத் தெரியும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று தெரியாது. முதல் ஆள் இரண்டாம் ஆளுக்கு 100 ரூபாய், அவர் மூன்றாம் ஆளுக்கு 100, அவர் திரும்ப முதல் ஆளுக்கு 100 என்று ஒரு சுற்றைச் சேர்த்துப் பார். யார் கையிலும் ஒரு காசு மாறாது. அணு ஒவ்வொன்றின்மேலும் விழும் விசை அந்த மாசக் கடைசிக் கணக்கு, அதில் சந்தேகமில்லை. இடத்துக்கு இடம் இருக்கும் தகைவு என்பது யார் யாருக்குக் கொடுத்தார் என்ற கணக்கு. அதில் சுற்றுக் கைமாற்று எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள், எல்லாம் ஒரே விசையைத்தான் தருகின்றன. முழுதாகச் சேர்த்து நீட்டிப் பார்க்கும்போது வருகிற ஆறு எண் மட்டும் எல்லோருக்கும் பொது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. எஸ்டேட்டில் அப்படி உண்மையிலேயே சுற்றிய கைமாற்றுகள் பல எனக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

அடுத்த கோடையில் ஒரு அலுமினா திரெட் கைடைக் கேட்டு வாங்கிக்கொண்டு, என்னையும் சென்னைக்கு ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். பச்சை லேசரை அதன்மேல் விட்டதும், வெள்ளைப் பீங்கானிலிருந்து சிவப்பு ஒளி வந்தது. அலுமினாவில் துளி குரோமியம் அழுக்காகக் கிடக்குமாம். அந்தக் குரோமியம் விடுகிற சிவப்பு, மாணிக்கக் கல்லின் அதே சிவப்பு, 694.3 நானோமீட்டரில் ஒரு கோடு, அதற்குச் சற்று முன்னால் ஒரு துணைக்கோடு. சுற்றியிருக்கும் அணுக்கள் நெருங்கினால் அந்தக் கோடு நகரும். பத்தாயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு சுமார் 0.36 நானோமீட்டர். வைரங்களுக்கு நடுவே பொருளை நசுக்குகிறவர்கள் 1972-லிருந்து ஒரு மாணிக்கத் துணுக்கை உள்ளே போட்டு இப்படித்தான் அழுத்தம் அளக்கிறார்கள்.

வாழ்நாள் முழுக்கக் கலவையில் காந்தம் விட்டு இரும்பு பொறுக்கியவன் நான். சரக்கில் அழுக்கு என்றால் எனக்கு எதிரி. அந்த அழுக்குதான் இங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

“எவ்வளவு இருக்கு?” என்றேன்.

“மொத்தமா பார்த்தா பூஜ்யம். ஆனா கோடு அகலமா இருக்கு பாருங்க.” அலுமினாவின் ஒவ்வொரு மணியும் ஒரு திசையில் கூடவும் மறு திசையில் குறையவும் சுருங்குகிறது. திசை மாறி அடுக்கிய மணிகள் ஒன்றையொன்று ஆயிரம் வளிமண்டல அளவில் நெருக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் நிற்கின்றன. லேசர் புள்ளிக்குள் அத்தனை மணியும் சேர்ந்தே தெரிவதால் கோடு கலங்கி அகன்று போகிறது. வெளியே வந்து அந்தத் திரெட் கைடைக் கையில் வைத்துப் பார்த்தேன். பத்து வருஷம் ஒரு ஆலையில் நூல் ஓடித் தேய்ந்த துண்டு அது.

ஊரில் இப்போது பல கொட்டகைகள் பூட்டிக் கிடக்கின்றன. பீங்கான் ஃபியூஸ் இருந்த பலகையில் எம்.சி.பி. வந்துவிட்டது. கம்பத்து இன்சுலேட்டரைப் பாலிமர் எடுத்துக்கொள்கிறது. டைல்கள் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகின்றன. கொலு பொம்மை வேலை மட்டும் புரட்டாசிக்கு முன்னால் இன்னும் சுறுசுறுப்பாக இருக்கிறது. பொம்மைக்காரர்கள் சிலர் இன்றும் முடி விழுந்த சில்லோடு வீட்டுக்கு வருவார்கள். நான் முதலில் கேட்பது, “எப்போ விழுந்துச்சு? சூளை பிரிச்ச அன்னிக்கா, அப்புறமா?”

1984-ல் அறுத்த அந்த வளையம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. போன மாசம் அந்தப் பெண் போன் பண்ணினாள். வேலை கிடைத்துவிட்டதாம், வெளிநாட்டில். பேச்சுவாக்கில், “மாமா, அந்த வளையத்தைத் திருப்பி அளந்தீங்களா?” என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

வெர்னியரைத் தேடி எடுத்துத் துடைத்து அளந்தேன். 9.78 இருந்தது 9.86 ஆகியிருக்கிறது. நாற்பது வருஷமாக எங்கள் ஊர் ஈரத்தை அது குடித்திருக்கிறது. கிளேஸின் நெருக்கம் அந்த அளவுக்கு இளகியிருக்கிறது. மூன்று முறை அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதினேன். பிறகு மை பாட்டிலைத் திறந்து, பஞ்சில் தொட்டு, வளையத்தின்மேல் தடவித் துடைத்தேன். கோடு எதுவும் எழவில்லை.